கல்லூரி பக்கத்தில்... பல்கலைக்கழகம் கிண்டியில்! நீட் இல்லாத மருத்துவப் படிப்பில் சேரும் முன்...

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நேரமும், மருத்துவத்துறைப் படிப்புகளுக்கு விண்ணப்பம் போடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே தென்காசி, செங்கோட்டை, இலத்தூர் வட்டாரத்து வீடுகளில் ஒரே பேச்சாக இருக்கும். 'நீட்ல மார்க் பத்தாது போலிருக்கே, இனி என்ன செய்ய?' என்று அம்மா கேட்பார். 'நர்சிங் சேத்துவிடு' என்பார் மாமா. 'பெங்களூருல சீட் இருக்காம், ஒரு ஆளு சொன்னாரு' என்று இன்னொருவர் வருவார். இந்தப் பேச்சில் கல்லூரியின் பெயர் வரும், ஃபீஸ் வரும், ஹாஸ்டல் வரும். வராமல் போவது ஒன்றே ஒன்றுதான்: பட்டம் தரப்போவது யார்?

அந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டால், பின்னால் வரும் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

பட்டம் தருவது யார்?

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ்., நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, லேப் டெக்னாலஜி என எதைப் படித்தாலும் பெரும்பாலான மாணவர்களுக்குப் பட்டம் தருவது சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். 1987-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1988 ஜூலையில் செயல்படத் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம் இது. அதற்கு முன்பு மருத்துவக் கல்லூரிகள் அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தன. 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் படித்த பழைய டாக்டர்களின் சான்றிதழில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்று அரசுக் கல்லூரிகள், தனியார் கல்லூரிகள் என நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கின்றன. இலத்தூரிலிருந்து கிளம்பி திருநெல்வேலியிலோ மதுரையிலோ படிக்கும் ஒரு மாணவி, 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கிண்டி வளாகத்தைப் படிப்பு முடியும் வரை பார்க்காமலே இருந்துவிடலாம். ஆனால் பாடத்திட்டம், தேர்வு அட்டவணை, வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், பட்டம் எல்லாமே அங்கிருந்துதான் வரும்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. சென்னை மதுரவாயலில் 'டாக்டர் எம்.ஜி.ஆர். கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்' என்ற தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது வேறு, கிண்டியில் இருப்பது வேறு. இரண்டும் அங்கீகாரம் பெற்றவைதான். ஆனால் சேர்க்கை முறை, கட்டணம், கவுன்சலிங் எல்லாம் வெவ்வேறு. 'எம்.ஜி.ஆர். யுனிவர்சிட்டி' என்று யாராவது சொன்னால், எது என்று ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

டாக்டர் தவிர வேறு யார் யார்?

2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நேரத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பக்கத்து மாவட்டமான விருதுநகருக்கு ஒன்று கிடைத்தது. 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பு என்றாலே இன்னமும் பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் போகும் பஸ்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் ஓர் ஆஸ்பத்திரியை டாக்டர் மட்டுமே நடத்திவிட முடியாது. இதய அறுவை சிகிச்சையின்போது இதயத்தின் வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது. அதை இயக்குபவர் பெர்ஃப்யூஷன் டெக்னாலஜி படித்தவர். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை நான்கு மணி நேரம் படுத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் டயாலிசிஸ் டெக்னாலஜிஸ்ட். பக்கவாதம் வந்தவரை மறுபடி நடக்கவைப்பவர் பிசியோதெரபிஸ்ட். காது கேளாத குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர் பி.ஏ.எஸ்.எல்.பி. படித்தவர். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டர், கண் பரிசோதனை, அவசர சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது.

பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். இரண்டும் 4 ஆண்டுகள். பெரும்பாலான பி.எஸ்சி. துணை மருத்துவப் படிப்புகள் 3 ஆண்டு பாடமும் 1 ஆண்டு இன்டர்ன்ஷிப்பும் கொண்டவை. பிசியோதெரபி நான்கரை ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. அரசு தரப்பில் பி.எஸ்சி. நர்சிங் என்றால் தென்காசிக்காரர்களுக்கு எட்டும் தூரம் மதுரையும் தேனியும். பி.பார்ம். மதுரை மருத்துவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. பிசியோதெரபிக்குத் திருச்சியில் அரசுக் கல்லூரி இருக்கிறது.

தமிழகத்தில் இந்தப் படிப்புகளுக்கான இடங்கள் ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு அறிவிப்பு வெளியிட்டு, தரவரிசைப் பட்டியல் போட்டு, கவுன்சலிங் நடத்துகிறது. அரசுக் கல்லூரி இடங்களோடு, தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதே கவுன்சலிங்கில்தான் வரும். பிசியோதெரபி போன்ற சிலவற்றுக்கு நீட் வேண்டும் என்ற பேச்சு தேசிய அளவில் எழுந்திருப்பதால், அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டைப் படித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். போன வருஷம் பக்கத்து வீட்டு அண்ணன் சேர்ந்த கதை இந்த வருஷத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

பத்தாம் வகுப்பு முடித்த தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு குறிப்பு. நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியல் படித்திருக்க வேண்டும் அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு பி.பார்ம். கதவு திறந்திருக்கும், மற்றவை பெரும்பாலும் மூடிவிடும். ப்ளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும் நாளிலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது.

பணம் கட்டும் முன் 4 கேள்விகள்

ரிசல்ட் வந்த வாரத்தில் ஊருக்குள் நோட்டீஸ் வரும். 'அரசு அங்கீகாரம் பெற்றது', '100 சதவிகித வேலைவாய்ப்பு' என்றெல்லாம் எழுதியிருக்கும். வீட்டு நகையை அடகு வைத்து முதல் வருஷக் கட்டணம் கட்டிய பிறகு, அது பட்டமே இல்லை, வெறும் சான்றிதழ்ப் படிப்பு என்று தெரிந்தால் போன வருஷம் திரும்பி வராது. ஆகவே அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்ததும் இந்த நான்கையும் கேளுங்கள்.

1. பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது? கல்லூரியின் பெயர்ப் பலகை பதில் ஆகாது. பல்கலைக்கழக இணையதளத்தில் இணைப்புக் கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரப்போகும் அதே படிப்பு அந்தக் கல்லூரிக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு என்று பார்க்க வேண்டும். நர்சிங்குக்கு அனுமதி வாங்கிய இடத்தில் டயாலிசிஸ் படிப்புக்கும் அனுமதி இருக்கும் என்று சொல்ல முடியாது.

2. படித்து முடித்ததும் எந்த கவுன்சிலில் பதிவு செய்வார்கள்? நர்ஸ்களுக்குத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம், மருந்தாளுநர்களுக்குத் தமிழ்நாடு பார்மசி கவுன்சில். துணை மருத்துவப் படிப்புகளுக்கு வெகுகாலம் இப்படி ஓர் அமைப்பே இல்லாமல் இருந்தது. 2021-ல்தான் அதற்கென தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பதிவுக்கு வழியில்லாத படிப்பு என்றால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

3. பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? இந்தப் படிப்புகளில் பாதி வகுப்பறையில், மீதி வார்டில். எத்தனை படுக்கை உள்ள ஆஸ்பத்திரி, அது கல்லூரிக்குச் சொந்தமா, ஒப்பந்தமா, எத்தனை தூரம் என்று கேளுங்கள். நோயாளியே வராத இடத்தில் நான்கு வருஷம் படித்தவருக்கு ஊசி போடும்போது கை நடுங்கத்தான் செய்யும்.

4. கட்டணம் மொத்தம் எவ்வளவு? கல்விக் கட்டணம் தனி, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம் தனி, ஹாஸ்டல், பஸ், யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு எல்லாம் தனி. நான்கு வருஷத்துக்கும் சேர்த்து எழுதி வாங்குங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும்.

பெங்களூருவில் 1996-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும், மலைக்கு அந்தப் பக்கம் திருச்சூரில் 2010-ல் தொடங்கிய கேரள சுகாதாரப் பல்கலைக்கழகமும் அரசுப் பல்கலைக்கழகங்கள்தான். அங்கே படிப்பது தவறில்லை. ஆனால் ஏஜென்ட் சொல்லும் கல்லூரி அவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்பதை நீங்களே பார்க்க வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களை ஏஜென்ட் கையில் கொடுக்கவே கூடாது.

கையில் வரும் பணம்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதல். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் இது கை கொடுக்கும்.

தென்காசி மாவட்டத்தில் பலருக்குத் தெரியாமல் போகும் இன்னொன்று உண்டு. பீடி சுற்றும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு கல்வி உதவித்தொகை தருகிறது. படிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மா பெயரில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும். முறத்தில் இலையும் தூளுமாக உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், அந்த அட்டை எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று இன்றே தேடி எடுத்து வைக்கலாம்.

வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வர நாளாகும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் தாலுகா அலுவலக வாசலில் நிற்பதைவிட, ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வைத்துவிடலாம்.

முதல் வருஷ மலை

சேர்ந்துவிட்டார்கள். இனிதான் பெரிய ஏற்றம். தமிழ்வழியில் படித்து நல்ல மார்க் வாங்கிய மாணவி, முதல் நாள் அனாட்டமி வகுப்பில் உட்காரும்போது எல்லாமே ஆங்கிலத்தில் ஓடும். பள்ளியில் 'சிறுநீரகம்' என்று தெளிவாகத் தெரிந்த உறுப்பு, இங்கே சில இடத்தில் 'ரீனல்', சில இடத்தில் 'நெஃப்ரோ' என்று வருகிறது. ஒன்று லத்தீன், மற்றது கிரேக்கம். மாணவிக்கு அறிவு குறைவு என்று அர்த்தமில்லை. தெரிந்த பொருளுக்குப் புதுப் பெயர் படிக்கிறார், அவ்வளவுதான்.

'தமிழில் மருத்துவம் படிக்கவே முடியாதா?' என்று கேட்பவர்களுக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, மாணவர்களுக்கு மேற்கத்திய மருத்துவம் கற்றுக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தவர் பிறகு தமிழுக்கு மாறினார். 1867-ல் 'இரண வைத்தியம்', 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875-ல் 'கெமிஸ்தம்' என்று பாடநூல்களே தமிழில் வந்தன. ஊர் மக்களோடு தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் உருவாக வேண்டும் என்பது அவர் நோக்கம். 150 வருஷத்துக்கு முன்பே நடந்த காரியம் அது.

ஆனால் இன்றைய பல்கலைக்கழகத் தேர்வு ஆங்கிலத்தில்தான். அதற்குத் தயாராக ஒரு வழி, வார்த்தைகளை உடைத்துப் படிப்பது. 'கார்டியோ' என்றால் இதயம், 'ஹெப்பட்டோ' கல்லீரல், 'நெஃப்ரோ' சிறுநீரகம். கடைசியில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி, 'எக்டமி' வந்தால் வெட்டி எடுப்பது. நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி இரண்டுக்கும் அர்த்தம் இப்போது தானே வந்துவிடும். ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவே உள்ள நாள்களில் தினம் பத்து வேர்ச்சொல் எழுதிப் பழகினால், முதல் மாதத்தின் பயம் பாதியாகும்.

நர்சிங் பாடத்திட்டமே இதை உணர்ந்துதான் முதல் செமஸ்டரில் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியலோடு பேச்சு ஆங்கிலத்தையும் ஒரு பாடமாக வைத்திருக்கிறது. அதை 'இங்கிலீஷ் பீரியட்தானே' என்று விட்டுவிடக் கூடாது. மற்றப் பாடங்களுக்கு அதுதான் ஏணி.

இன்னொன்று. பள்ளியில் பாடம் நடத்திய டீச்சரே ரிவிஷன் தேர்வுக்குக் கேள்வி போடுவார், அவரே திருத்துவார். இங்கே அப்படி இல்லை. வினாத்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வரும், திருத்துபவர் யாரென்று தெரியாது. செய்முறைத் தேர்வுக்கு வெளிக் கல்லூரி ஆசிரியரும் வந்து உட்காருவார். நர்சிங்கில் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாக 50 சதவிகிதம் வேண்டும். ஒன்றில் அதிகம் வாங்கி இன்னொன்றைச் சரிக்கட்ட முடியாது. வருகைப் பதிவு 80 சதவிகிதம் இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். செய்முறைப் பயிற்சியையோ பட்டம் வாங்கும் முன் முழுதாக, 100 சதவிகிதமும் முடித்திருக்க வேண்டும். ஊர்க் கொடைக்கும் கல்யாணத்துக்கும் லீவு போடும் முன் இந்தக் கணக்கை வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாள் என்பதால், நகரத்துப் பெரிய கல்லூரி மாணவிக்கும் இலத்தூர் மாணவிக்கும் கேள்வி ஒன்றுதான். பழைய வினாத்தாள்கள் பாடக் குறியீட்டோடு பல்கலைக்கழக இணையதளத்தில் கிடைக்கின்றன. ஐந்து வருஷத்து வினாத்தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்தப் பகுதியிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

வார்டில் பேசுவது தமிழ்

வகுப்பறையில் பின்தங்கியது போலத் தெரிந்த மாணவி, வார்டுக்குப் போனதும் முன்னால் வந்துவிடுவதைப் பார்க்கலாம். படுக்கையில் இருக்கும் ஆச்சி, 'மேலுக்குச் சொகமில்ல தாயி, நெஞ்சக் கரிக்குது, தல கிறுகிறுன்னு வருது' என்பார். காய்ச்சல், நெஞ்செரிச்சல், தலைசுற்றல் என்று மூன்றையும் பிரித்து ஆங்கிலத்தில் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியது மாணவியின் வேலை. நகரத்தில் வளர்ந்த சக மாணவி 'மேலுக்கு' என்றால் என்ன என்று திகைத்து நிற்கும்போது, இலத்தூர்ப் பெண்ணுக்கு அது வீட்டில் தினம் கேட்ட பேச்சு. 'எப்பருந்து இருக்கு ஆச்சி? சாப்பிட்டதும் கரிக்குதா, வெறும் வயித்துலயா?' என்று அடுத்த கேள்வியைக் கேட்கவும் அவருக்குத் தெரியும்.

பட்டம் வாங்கி, கவுன்சிலில் பதிவு செய்த பிறகு அரசு வேலைக்கு முயல்பவர்கள் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைப் பார்த்துவர வேண்டும். 2012-ல் தொடங்கிய வாரியம் இது. நர்ஸ், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் என்று பல பணியிடங்களுக்கு இந்த வாரியம்தான் ஆள் எடுக்கிறது. அதன் எழுத்துத் தேர்வில் தமிழ் மொழித் தகுதித் தாளும் உண்டு. அதில் 40 சதவிகிதம் எடுக்காவிட்டால் பாடத் தாளின் மதிப்பெண் கணக்கில் வராது. நான்கு வருஷம் ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்களும் அந்த நாளில் தமிழ் எழுதித்தான் ஆக வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு அந்தத் தாளில் பயம் இருக்காது. பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.